பருப்புக் களத்தில் பதினெட்டு நிமிடங்கள்

1

போன மாதம் என் மகள் ரீனா எனக்கு ஒரு படிவம் அனுப்பினாள். நாங்கள் இருப்பது ஸ்காட்லாந்தில், டண்டீ நகரத்தில். அவள் கிளாஸ்கோவில் நாடகத் துறையில் கடைசி வருடம் படிக்கிறாள். கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையிலிருந்தோ தன் குடும்பத்திலிருந்தோ ஒரு சம்பவத்தை எடுத்து, அரங்கத்துக்கு வெளியே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து நிகழ்த்திக் காட்ட வேண்டுமாம். அவள் என் கதையை எடுத்துக்கொண்டாள். பத்துப் பன்னிரண்டு வயதில் அவளுக்கு அதைப் பாதி சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியை இந்த வருடம் வீடியோ காலில் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“அம்மா, நான் உங்களுக்குப் பர்மிஷன் குடுக்கணும், சரியா?”

“நீ குடுக்கக் கூடாது கண்ணு. நீ கேக்கணும். நான் குடுக்கணும்.”

“அதேதான் சொன்னேன்.”

கேட்பதும் கொடுப்பதும் அவள் தமிழில் எப்போதும் இடம் மாறிவிடும். சிறு வயதில் திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன். தமிழில் பேசுகிறாளே, அது போதும் என்று ஆகிவிட்டது.

படிவம் நான்கு பக்கம். இந்த ஊருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. விசாவுக்கு, வீட்டுக்கு, வேலைக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் என் உயரம் வரும். ஆனால் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கதையில் வரும் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும். இறந்தவர் என்றால் நெருங்கிய உறவு கையெழுத்துப் போட வேண்டும். கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி: நீங்கள் எப்போது வேண்டுமானாலும், காரணம் எதுவும் சொல்லாமல், இதிலிருந்து விலகிக்கொள்ளலாம்.

சமையலறையில் நின்றபடி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்லூரியில் என் அறைத்தோழியாக இருந்த கோகிலா அன்றைக்குச் செய்தது இதைத்தான். காரணம் சொல்லாமல் விலகிக்கொண்டாள்.

என் கணவர் டேனியல் எட்டிப் பார்த்துவிட்டு, “காலேஜ் வேலை. கையெழுத்தப் போட்டுக் குடுத்துரு” என்றார். எனக்கான கட்டத்தில் போட்டேன். அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவளுடைய கட்டத்திலும் நான்தான் போட்டேன். அப்போதுதான் கை கொஞ்சம் நின்றது. அம்மாவைக் கேட்காமல் அவள் கதையை ஊருக்குச் சொல்வது இது இரண்டாம் முறை.

மூன்றாவது கட்டம் கோகிலாவுக்கு. அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது என்றேன். “நான் கண்டுபிடிச்சுக்கறேன்” என்றாள் ரீனா.

2

காங்கேயம் பக்கத்துக்காரர்களுக்குப் பருப்புக் களத்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேங்காயை இரண்டாக உடைத்து, சிமெண்டுத் தளத்தில் மல்லாத்தி வெயிலில் காயப்போடுவார்கள். காய்ந்ததும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஓட்டிலிருந்து பருப்பைக் கத்தியால் நெம்பி எடுப்பார்கள். பருப்பு எண்ணெய் மில்லுக்குப் போகும். ஓட்டைத் தொட்டி என்போம். தொட்டி கரி சுடப் போகும். எங்கள் களத்தில் தொட்டிக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. வேலை செய்யும் பெண்களுக்கு டீயும் தண்ணியும் அதில்தான் ஊற்றுவார்கள்.

என் அம்மா அந்தக் களத்தில் பருப்பு நெம்பினாள். தேவாலயத்தில் அவள் பெயர் மரியாள். களத்தில் அதை யாரும் சொன்னதில்லை, மாரா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். நான் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தேன், விடுமுறைக்கு வந்தால் அம்மாவோடு களத்துக்குப் போவேன். களத்துக்காரரைப் பெண்கள் பண்ணாடி என்பார்கள். அவர் வீடு களத்தை ஒட்டியே இருந்தது. அவருடைய ஒரே மகள் கோகிலா. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது.

பதினொரு வயதில், ஒரு மே மாத மத்தியானம், மோட்டார் ரூம் பக்கத்தில் குழாயடியில் கையைக் குவித்துக்கொண்டு தண்ணீருக்கு நின்றிருந்தேன். கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை. கோகிலா வீட்டுக்குள்ளிருந்து எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான் வாய் வைத்துக் குடித்தேன். சமையலறை வாசலில் அவள் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதற்கு முன்னால் என் அம்மா வரிசையிலிருந்து எழுந்து ஓடி வந்தாள். டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். பக்கத்தில் கிடந்த தென்னை மட்டையால் என்னை அடித்தாள்.

“அறியாத புள்ளைங்க. மன்னிச்சுப்போடுங்க. நானே அடிச்சுப்போட்டேனுங்க” என்று சொல்லிச் சொல்லி அடித்தாள்.

கோகிலா பக்கத்திலேயே நின்றிருந்தாள். ‘நான்தான் குடுத்தேன்’ என்று சொல்லவில்லை. பதினொரு வயது. அதற்காக நான் அவள்மேல் கோபப்பட்டதே இல்லை.

அடுத்து அவளை நான் பார்த்தது தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூரில், கல்லூரி விடுதியில். இருவருக்கும் ஆங்கில இலக்கியம், ஒரே வகுப்பு. கல்லூரியின் பெயர் வேண்டாம். முதல் வாரமே என் அறைக்கு வந்து, பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“எஸ்தர், என்னையத் தெரியுதுங்களா?”

எனக்கு அந்த வீட்டிலிருந்து கிடைத்த முதல் ‘ங்க’ அது. தலையாட்டினேன்.

“அன்னைக்கு நான்தான் குடுத்தேன்னு சொல்லியிருக்கோணும். சொல்லல. அது மனசுலயே கெடக்குது.”

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். இரண்டாவது மாதத்தில் அறையை மாற்றிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள். ஒரே சீப்பு, ஒரே சோப்பு. அவள் வீட்டிலிருந்து வரும் முறுக்கு டப்பாவில் என் கைதான் முதலில் போகும். ‘ங்க’ போய் ‘நீ’ வந்தது. எனக்கு அக்கா தங்கை கிடையாது. அக்கா தங்கை என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் காலையிலிருந்து ‘பீஸ், பீஸ்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். துணித் துண்டு கொண்டுபோனேன், காகிதம் கொண்டுபோனேன். கடைசியில் கூட வேலை செய்கிறவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், இந்த ஊரில் பீஸ் என்றால் ரொட்டிக்கு நடுவே ஜாம் தடவியது. கோயம்புத்தூரில் பீஸ் என்றால் கரண்ட் போகும்போது பிடுங்கிப் பார்ப்பது. ரீனாவுக்குப் பீஸ் என்றால் அவள் நிகழ்த்தப்போவது.

அந்த அர்த்தத்தில் அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது ஸ்ரீதரன் சாரிடம். எங்கள் துறையின் இளம் ஆசிரியர், பாலக்காட்டுக்காரர். நாடகப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். இரண்டாம் வருடம் எங்களில் பதினைந்து பேரைச் சேர்த்து ஒரு பட்டறை நடத்தினார். மேடை கிடையாது, ஒப்பனை கிடையாது, எழுதிவைத்த வசனம் கிடையாது. நாடகம் என்று யாராவது சொன்னால் முகம் சுளிப்பார்.

“உங்களுக்கு நடந்த ஒண்ணு. நடந்த எடத்துல போய் நிக்கணும். அவிட நின்னு சொல்லணும். ஒரு வார்த்த பொய் கூடாது, கேட்டோ?”

அதற்கு அப்போது எங்களிடம் தமிழ்ப் பெயர் இல்லை. பெயரில்லாமலே செய்தோம். ஒரு பையன் தன் அப்பாவின் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, பள்ளியில் தன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான். ஒருத்தி உக்கடம் பஸ் ஸ்டாண்டில், வீட்டைவிட்டுப் போன அக்காவைத் தான் கடைசியாகப் பார்த்த பெஞ்சில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். சுண்டல் விற்கிறவரும் நின்று பார்த்தார். இதற்கு மதிப்பெண்ணும் உண்டு என்பது எங்களுக்கே நம்ப முடியாததாக இருந்தது.

களத்தில் செய்யலாம் என்று முதலில் சொன்னவள் கோகிலா. நான் பயந்தேன்.

“உங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரா?”

“அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு புள்ள. அவரு நல்லவரு. இத யாராச்சும் அவருகிட்டச் சொல்லோணும். அவ்வளவுதான்.”

இரண்டு பேரும் சேர்ந்து செய்வது என்று சாரிடம் எழுதிக் கொடுத்தோம். விடுதி மொட்டைமாடியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே, மூன்று வாரம் ஒத்திகை பார்த்தோம். முழுக்க நான்தான் பேசுவேன். கடைசியில், ‘அந்த டம்ளரை எனக்குக் குடுத்தது யாரு?’ என்று மூன்று முறை கேட்பேன். மூன்றாவது முறை, பார்வையாளர்களுக்கு நடுவிலிருந்து கோகிலா எழுந்து, ‘நான்தான் குடுத்தேன்’ என்பாள். அவளுக்கு அந்த ஒரே வசனம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் குரல் உடைந்தது. சார் பார்த்துவிட்டு, “அது ஒடையட்டும். சரியாக்க வேண்டாம்” என்றார்.

காலேஜ் புரோகிராம் ஒன்று என்று சொல்லி அவளே வீட்டில் அனுமதி வாங்கினாள். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாள் என்று தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகை வேனில் சூலூர், பல்லடம் வழியாகப் போனோம். களம் முழுக்கத் தேங்காய் மூடி வெள்ளையாக வானத்தைப் பார்த்துக் கிடந்தது. பண்ணாடி வாசலுக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கும்பிட்ட கை.

“வாங்க வாங்க, எல்லாரும் வாங்க. இந்த வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல எளநி குடிங்க, பொறவு மத்ததெல்லாம்.”

எல்லோருக்கும் இளநீர் வந்தது. எனக்கும் ஒன்று வந்தது. இளநீருக்கு டம்ளர் வேண்டியதில்லை.

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை நிழலில் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் சார், பண்ணாடி, அவருக்குப் பக்கத்தில் கோகிலா. எங்கள் திட்டப்படி அவள் பின்வரிசையில் உட்கார வேண்டும். அப்பா கூப்பிட்டு உட்காரவைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. அம்மாவும் மற்றப் பெண்களும் கொட்டகை ஓரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. காலேஜிலிருந்து மகள் வேனில் வந்திறங்கியிருக்கிறாள்.

பதினெட்டு நிமிடம் பேசினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, சூடேறிய சிமெண்டில் நடந்துகொண்டே பேசினேன். மரியாள் எப்படி மாரா ஆனாள் என்று சொன்னேன். ஒரு தொட்டியை எடுத்து அதில் தண்ணீர் ஊற்றி, தொட்டியின் விளிம்பு உதட்டில் எப்படி இருக்கும் என்று சொன்னேன். குழாயடியில் போய் நின்று கையைக் குவித்தேன். டம்ளரைச் சொன்னேன். சமையலறை வாசலைக் காட்டினேன். தென்னை மட்டையைச் சொன்னேன், ஒவ்வொரு அடியும் எங்கே விழுந்தது என்று உடம்பில் தொட்டுக் காட்டினேன். அம்மா இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

பிறகு கேட்டேன். “அந்த டம்ளரை எனக்குக் குடுத்தது யாரு?”

இரண்டாவது முறை கேட்டேன். பண்ணாடி மெதுவாகத் திரும்பித் தன் மகளைப் பார்த்தார். முறைக்கவில்லை. சும்மா பார்த்தார்.

மூன்றாவது முறை கேட்டேன். கோகிலா குனிந்து துப்பட்டாவின் நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

நான்காவது முறையும் கேட்டேன். அது எங்கள் ஒத்திகையில் இல்லை. “அந்த டம்ளரை எனக்குக் குடுத்தது யாரு?” இந்த முறை என் குரல்தான் உடைந்தது. அவள் நிமிரவில்லை.

பண்ணாடி கைதட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

“ரொம்ப நல்லா நடிச்சீங்க அம்மணி” என்றார் என்னிடம். கோபமே இல்லாத குரல். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பினார். “மாரா, இங்க வா. உம்பட புள்ள சொல்றாளே, அப்படி ஏதாச்சும் நம்ம களத்துல நடந்துச்சா?”

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஒரு நொடி நாற்காலிகள் பக்கம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“இல்லீங்க பண்ணாடி. அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலீங்க. அவ சின்னதுல இருந்தே கத கட்டுவாளுங்க.”

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டியிருந்ததால் சிரித்தார்கள் என்று இப்போது தெரிகிறது.

சார் எழுந்து இரண்டு கையையும் விரித்தார். “கலையில கொஞ்சம் கல்பன வரும் சார். தப்பா எடுத்துக்க வேண்டாம்.”

ஒரு வார்த்தை பொய் கூடாது என்று சொன்ன மனிதர். நான் குழாயடியிலேயே நின்றிருந்தேன். எனக்கு நடந்தது நடக்கவில்லை என்று பத்து நிமிடத்துக்குள் முடிவாகிவிட்டது. அது நடந்தபோது அங்கே இருந்தவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

திரும்பும்போது கோகிலா வேனில் ஏறவில்லை. திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினாள். காங்கேயத்திலிருந்து கோயம்புத்தூர் வரை என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. யாரும் என்னோடு பேசவில்லை.

5

அவள் திங்கட்கிழமை வரவில்லை. அடுத்த வாரம் வந்தாள். நான் வகுப்பில் இருந்த நேரத்தில் தன் பெட்டியை வேறு அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சீப்பை எனக்கு விட்டுவிட்டுப் போயிருந்தாள். வராந்தாவில் எதிரே வந்தால் திரும்பிப் போய்விடுவாள். மூன்றாம் வருடம் முடிவதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆனது. பத்திரிகை எல்லோருக்கும் வந்ததுபோல் எனக்கும் தபாலில் வந்தது.

பட்டறை மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்கு நேரே ‘முழுமை பெறவில்லை’ என்று போட்டிருந்தார்கள். இருவர் செய்ய வேண்டியதில் ஒருவர் பங்கேற்கவில்லை, அதுதான் காரணம். சாரிடம் போனேன்.

“ஒரு வார்த்த பொய் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து மூடினார். “எஸ்தரே, அந்த ஆளு நம்ம காலேஜ் கமிட்டிக்கு வேண்டப்பட்ட ஆளு. எனக்கு இவிட வேல வேணும்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதற்காக மட்டும் அவரை இன்றைக்கும் மதிக்கிறேன்.

மாதக் கடைசியில் ஊருக்குப் போனேன். அம்மா சோறு போட்டாள். தட்டைத் தொடாமல் கேட்டேன்.

“ஏம்மா அப்படிச் சொன்னே?”

“தின்னு.”

“நெசத்தச் சொல்றதுக்கு என்னம்மா?”

“உம்பட நெசம் வேன்ல ஏறிப் போயிருச்சு. எனக்கு விடிஞ்சா அங்கதான் போகோணும்.” ரசத்தை ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள். “நான் உன்னைய அடிச்சத இத்தன பேருக்கு முன்னால சொன்னயே, என்னைய ஒரு வார்த்த கேட்டயா?”

அப்போது அது எனக்குக் கேள்வியாகவே படவில்லை. தப்பித்துக்கொள்ளப் பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன். பெற்றவளே இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு யாரைக் கேட்டு என்ன என்று இருந்தது. அம்மாவின் வேலை போகவில்லை. இரண்டு மாதத்தில் களத்தில் தொட்டியில் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள். வேலைக்காரப் பெண்களுக்கென்று பச்சை பிளாஸ்டிக் டம்ளர்கள் வாங்கி, கொட்டகையில் தனியாக ஆணியடித்து மாட்டினார்கள்.

அதற்குப் பிறகு நான் எதையும் நிகழ்த்தவில்லை. படிப்பை முடித்தேன். சென்னையில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். நர்ஸாக இருந்த டேனியலைக் கல்யாணம் செய்துகொண்டு, அவரோடு இங்கே வந்தேன். ஞாயிறுதோறும் அம்மாவுக்குப் போன் செய்வேன். மழை, கால்வலி, சர்ச், சாப்பாடு. அந்த நாளை இரண்டு பேரும் தொட மாட்டோம். அவளை நான் நன்றாகவே பார்த்துக்கொண்டேன். ஆனால் மனசில் ஒரு கதவை அவளுக்குச் சாத்தியே வைத்திருந்தேன், அதுவும் உண்மை.

அம்மா இறப்பதற்கு மூன்று வருடம் முன்னால் ஊருக்குப் போயிருந்தேன். அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது. அவள் இறந்தது கொரோனா சமயத்தில், விமானங்கள் இல்லை. அந்தப் பயணத்தில் ஒரு சாயங்காலம், கட்டிலில் உட்கார்ந்து அவளுடைய வீங்கிய காலை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். எதையோ பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

“அன்னைக்கு நான் அந்தப் புள்ளையத்தான் பாத்தேன்.”

“எந்தப் புள்ள?”

“பண்ணாடி மக. டம்ளர் குடுத்தது அதுதான்னு எனக்குத் தெரியாதா? குடுக்கும்போதே பாத்தேன். அது எந்திரிச்சு ஆமான்னு சொன்னா, நானும் ஆமான்னு சொல்லிப்போடலாம்னுதான் இருந்தேன். அதுபாட்டுக்குக் குனிஞ்சுக்கிச்சு. பொறவு நான் ஒருத்தி என்ன பண்றது?”

அமுக்குவதை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

“என்னையப் பாத்திருக்கலாமேம்மா.”

“உன்னையப் பாத்தா பொய் வருமா கண்ணு?”

இருபது வருடத்துக்கு மேல் அவள்மேல் நான் வைத்திருந்த கோபம் அந்தக் கட்டிலிலேயே போய்விட்டது. போன கோபம் முழுக்கப் போய்ச் சேர்ந்த இடம் கோகிலா. ஒரே ஒரு வசனம். அவள் அதைச் சொல்லியிருந்தால் என் அம்மாவும் சொல்லியிருப்பாள். அன்றைக்கு அந்தக் களத்தில் என் அம்மா முதல் முறையாக நிமிர்ந்து நின்று உண்மையைச் சொல்லியிருப்பாள்.

6

ரீனா கோகிலாவைப் பேஸ்புக்கில் மூன்றே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். கணவர் இல்லை, அப்பாவோடு களத்து வீட்டிலேயே இருக்கிறாளாம். படிவம் இரண்டு நாளில் கையெழுத்தோடு திரும்பி வந்தது. குறிப்புக்கான இடத்தில் அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: ‘அப்படி ஒரு சம்பவம் எனக்கு நினைவில்லை. இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெயரை மட்டும் மாற்றிவிடவும். உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லவும்.’

“அவங்க ரொம்ப நைஸ்மா” என்றாள் ரீனா.

நினைவில்லையாம். அன்றைக்கு அவள் பேசாமல் இருந்தாள். இப்போது நடக்கவே இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். படிவத்தின் அடியில் அவளுடைய போன் நம்பர் இருந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் வேலையிடத்தில், மத்தியான இடைவேளையில், துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டேன். ஊரில் சாயங்காலம்.

“ஹலோ, யாருங்க?”

“எஸ்தர்.”

“எஸ்தருங்களா… நல்லா இருக்கீங்களா? புள்ள மெயில் போட்டிருந்துச்சு. நல்லா வளத்திருக்கீங்க.”

“நெனப்பில்லைன்னு எழுதியிருக்கே கோகிலா.”

“ரொம்ப வருசம் ஆச்சுங்களே.”

“மொட்டமாடில எத்தன நாள் சொல்லிப் பாத்தோம். நெனப்பில்லையா?”

“எஸ்தர், இங்க பாரு.” குரல் இறங்கியது. “அப்பா பக்கத்துல இருக்காரு.”

“அவருக்கு எண்பது தாண்டியிருக்குமே. இனிமே உன்னைய என்ன செஞ்சுருவாரு?”

“ஒண்ணும் செய்ய மாட்டாரு. அன்னைக்கும் ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டாரு. அது எனக்கு அன்னைக்கே தெரியும்.”

அடிப்பார், படிப்பை நிறுத்துவார், வீட்டில் பூட்டுவார், இப்படி ஏதோ ஒன்றுக்குப் பயந்துதான் அவள் எழுந்திருக்கவில்லை என்று இத்தனை வருடம் நானே அவளுக்காக ஒரு காரணத்தைக் கட்டி வைத்திருந்தேன்.

“பொறவு ஏன் எந்திரிக்கல?”

அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் பின்னாலிருந்து வயதான குரல் ஒன்று கேட்டது. “யாரு கண்ணு, போன்ல?”

“ராங் நம்பருங்கப்பா” என்றாள் கோகிலா.

சொல்லிவிட்டாளே தவிர, போனை வைக்கவில்லை. அவள் மூச்சு எனக்குக் கேட்டது. எங்கோ ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் எதற்காகக் கூப்பிட்டேனோ அதைச் சொன்னேன்.

“அன்னைக்கு எங்கம்மா உன்னையத்தான் பாத்துட்டு இருந்தா கோகிலா. நீ எந்திரிச்சிருந்தா அவளும் ஆமான்னு சொல்லியிருப்பா. சாகறதுக்கு முன்னால என்கிட்டச் சொன்னா.”

பதில் வரவில்லை. அவள் வைக்கவும் இல்லை. நானும் வைக்காமல் நின்றிருந்தேன். பன்னிரண்டாம் அறையிலிருந்து மணி அடித்தது. இரண்டாம் முறையும் அடித்தது. அங்கே இருக்கும் அம்மாள் தனியாக எழுந்தால் விழுந்துவிடுவார். நான்தான் போனை வைத்தேன்.

சாயங்காலம் ரீனாவிடம் சொல்லிவிட்டேன், கோகிலா கேட்டபடி அவள் பெயரை மாற்றிக்கொள், வேறு எதையும் மாற்றாதே என்று. இந்தக் குறிப்பிலும் அவளுக்குக் கோகிலா என்று நானாக ஒரு பெயர் வைத்திருக்கிறேன். என் பெயரையும் அம்மாவின் பெயரையும் மாற்றவில்லை.